அச்சானதும் அசலுக்கு என்ன ஆகிறது?
சிவகாசிச் சித்திரக்கதைகளும் ஏலச் சந்தையும்

1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸின் முதல் இதழ் வெளிவந்தது. அதே மாதம் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் கடைக்கு வந்தது. அதே வருடம், டிசம்பர் தேதியிட்டு, நியூயார்க்கின் மார்வெல் நிறுவனம் ‘சீக்ரெட் வார்ஸ்’ தொடரின் எட்டாம் இதழை வெளியிட்டது. ஸ்பைடர்மேனுக்கு அந்தக் கறுப்பு உடை எப்படிக் கிடைத்தது என்று சொல்லும் இதழ் அது. அதன் 25-ஆம் பக்கத்துக்கு மைக் செக் வரைந்த அசல் தாள் 2022 ஜனவரியில் டல்லாஸ் நகரின் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தில் 33 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் ஏறத்தாழ 25 கோடி ரூபாய். அட்டைப்படம்கூட இல்லை, உள்பக்கம்தான்.

மதுரையிலிருந்து சிவகாசி 70 கிலோமீட்டர் சொச்சம். விருதுநகர், திருத்தங்கல் வழியாகப் போகும் அந்தக் கரிசல் சமவெளியில்தான் தமிழ்ச் சித்திரக்கதையின் பெரும்பகுதி அச்சாகியிருக்கிறது. முத்து காமிக்ஸ் தொடங்கிய 1972-லிருந்து எண்ணினால் அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. விடாமல் வாங்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். பழைய இதழுக்குப் பல மடங்கு விலை கொடுக்கும் சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த அட்டைகளுக்காகத் தூரிகை பிடித்து வரைந்த அசல் ஓவியங்களுக்கு இங்கே சந்தை என்று ஒன்று உருவாகவில்லை.

‘நம்ம ஆளுகளுக்குக் கலையோட அருமை தெரியாது’ என்று இதற்குச் சட்டென்று ஒரு காரணம் சொல்லிவிடலாம். அது உண்மையில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். அருமை தெரியாமல் யாரும் அட்டை கிழிந்த இதழைத் தேடி ஊர் ஊராக அலைய மாட்டார்கள். காரணம் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: அச்சுத் தொழில் அசலை என்னவாக நடத்தியது, அசல் யாருக்குச் சொந்தம், அது கை மாறியதற்கு என்ன பதிவு இருக்கிறது.

அசல் பக்கம் எப்படி இருக்கும்

அச்சில் வந்த புத்தகத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அசல் பக்கம் முதலில் சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும். பெரும்பாலும் அதில் வண்ணமே கிடையாது. அமெரிக்கச் சித்திரக்கதையில் வண்ணத்துக்கான குறிப்பைத் தனித் தாளில் தருவார்கள். அசல் தாளில் இருப்பது பென்சிலும் கறுப்பு மையும்தான். அளவும் வேறு. 1967 வாக்கில்வரை அச்சளவைவிட ஏறத்தாழ இரு மடங்கு பெரிதாக வரைந்தார்கள். பிறகு 10 அங்குல அகலம், 15 அங்குல உயரம் என்று வரைபரப்பு சுருங்கியது. பெரிதாக வரைந்ததைச் சிறிதாக்கினால் கோட்டின் நடுக்கம் தெரியாது என்பது கணக்கு.

தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தால் வேலை நடந்த தடம் அத்தனையும் தெரியும். மைக்கோட்டுக்கு அடியில் வெளிர்நீலப் பென்சில் கோடு ஓடும். அச்சகக் கேமராவில் போடும் ஃபிலிம் அந்த நீலத்தைப் பதிவு செய்யாது என்பதால் அதை அழிக்கத் தேவையில்லை. ஒரு கையைத் தவறாகப் போட்டுவிட்டால் அதன்மேல் வெள்ளை வர்ணம் பூசி மறுபடி வரைந்திருப்பார்கள். வசனக் கட்டத்தைத் தனித்தாளில் எழுதி ஒட்டியிருந்தால், பசை காலப்போக்கில் மஞ்சளாகி அந்த இடம் மட்டும் கறை படிந்து நிற்கும். ஓரத்தில் இதழின் பெயர், பக்க எண், எத்தனை சதவீதம் சுருக்க வேண்டும் என்ற குறிப்பு. பின்பக்கத்தில் அலுவலக முத்திரை.

இவற்றில் ஒன்றுகூட அச்சுப் பிரதிக்கு வராது. அதனால்தான் போலியைப் பிடிப்பதற்கும் இவையே முதல் சாட்சி. விளக்கு மேசையில் அச்சுப் பக்கத்தை வைத்து அதன்மேல் கோடிழுப்பவனுக்கு முடிவான கோடு மட்டும்தான் கிடைக்கும். அடியில் ஓவியர் தேடித் தேடிப் போட்ட பென்சில் கோடு கிடைக்காது. சேகரிப்பவர் பணம் கொடுப்பது அழகுக்கு மட்டுமில்லை. ஒருவர் யோசித்து, தவறி, திருத்திய தடம் முழுதும் ஒரே தாளில் இருப்பதற்குத்தான்.

அட்டைப்படத்தின் கதை சற்று மாறும். அது பெரும்பாலும் முழு வண்ண ஓவியம், கெட்டி அட்டையில் போஸ்டர் கலரில் வரைந்தது. மேலே இதழின் பெயர் வரவேண்டிய இடத்தை வெறும் வானமாகவோ ஒற்றை நிறமாகவோ விட்டுவைத்திருப்பார்கள். விலை போடும் மூலையும் அப்படியே சும்மா கிடக்கும். அச்சில் எழுத்தால் மூடிப்போன பகுதி அசலில் திறந்திருக்கும்.

ஏலம் எதற்கு விலை வைக்கிறது

2021 ஜனவரியில் பாரீஸின் ஆர்க்யூரியால் நிறுவனம் டின்டின் கதை ஒன்றின் அட்டைக்காக ஹெர்ஜே 1936-இல் வரைந்த ஓவியத்தை ஏலம் விட்டது. ‘நீலத் தாமரை’ என்ற அந்தக் கதைக்கு அவர் முதலில் போட்ட அட்டை அது. அச்சிடச் செலவு அதிகமாகும் என்று பதிப்பகம் அதை ஒதுக்கிவிட்டது. பதிப்பாளர் வீட்டுச் சிறுவனுக்கு ஹெர்ஜே அதைப் பரிசாகக் கொடுத்தார், அவன் ஆறாக மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டான் என்பது ஓவியத்தோடு வந்த வரலாறு. மடிப்புக் கோடுகள் இன்றும் அதில் தெரிகின்றன.

26 லட்சம் யூரோவில் சுத்தியல் விழுந்தது. வாங்கியவர் கொடுத்தது ஏறத்தாழ 32 லட்சம். இடையில் உள்ள தொகை ஏல நிறுவனத்தின் கட்டணம். ஏலச் செய்திகளைப் படிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகவேண்டும். கேள்வி நின்ற தொகை ஒன்று, கையிலிருந்து போகும் தொகை வேறொன்று. பெரிய நிறுவனங்களில் வாங்குபவர் கட்டணம் மட்டுமே 20 சதவீதத்தை ஒட்டி அல்லது அதற்கு மேலே இருக்கும். விற்பவரிடமும் கமிஷன் உண்டு.

இதைவிட முக்கியமான விஷயம், அந்த மடிப்புக் கதையையே ஹெர்ஜேயின் வாரிசுத் தரப்பு கேள்விக்கு உள்ளாக்கியது. பரிசாகத்தான் கொடுத்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார்கள். அவ்வளவு புகழ்பெற்ற ஓவியர், அவ்வளவு பெரிய பதிப்பகம், முழு விவரம் அச்சிட்ட அட்டவணை எல்லாம் இருந்தும் ‘எப்படி உங்கள் கைக்கு வந்தது’ என்ற கேள்வி தப்பவில்லை. வரைந்தவர் கையிலிருந்து விற்பவர் கைவரை ஒரு சங்கிலி அறுபடாமல் இருக்கவேண்டும். அது அறுந்திருந்தால் எவ்வளவு நல்ல ஓவியமும் பாதி விலைக்குப் போகும், அல்லது மேடையே ஏறாது.

மாயாவியின் அசல் எங்கே?

முத்து காமிக்ஸைத் தொடங்கியவர் எம். சௌந்தரபாண்டியன். முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும் லூயிஸ் கிராண்டேலைத் தெரியாத தலைமுறை தென்மாவட்டங்களில் ஒரு காலத்தில் இல்லை. சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் ஆசிரியராக இருந்து 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸில் ஸ்பைடரும் இரும்பு மனிதன் ஆர்ச்சியும் அதே அளவு செல்வாக்குப் பெற்றார்கள்.

இந்த நாயகர்கள் எல்லோருக்கும் பூர்வீகம் லண்டன் வாரப் பத்திரிகைகள். மாயாவி 1962 அக்டோபரில் ‘வேலியன்ட்’ இதழில் பிறந்தவன். கதையை முதலில் எழுதியவர் கென் புல்மர், பிறகு டாம் டல்லி. வரைந்தவர் பார்சலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பைடரை வரைந்தவர் ரெஜ் பன். அதன் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இந்தப் பெயர்கள் எதுவும் அந்தக் காலத்து ஆங்கில இதழிலேயே அச்சாகவில்லை. ஓவியர் பெயர் போடுவது பிரிட்டிஷ் வாரப் பத்திரிகை மரபில் இல்லை. 1977-இல் தொடங்கிய ‘2000 ஏடி’ இதழ்தான் படைப்பாளிகளின் பெயரை முறையாகப் போட்டு அதை உடைத்தது.

வரைந்த தாளும் நிறுவனத்துக்கே. அது ஓவியருக்குத் திரும்பிப் போகாது. கிட்டங்கியில் கிடந்து அழிந்தவை உண்டு, வெளியே கசிந்து சேகரிப்பாளர் கைக்குப் போனவையும் உண்டு. அந்தப் பழைய பத்திரிகைகளின் உரிமையை ரெபெல்லியன் என்ற ஆக்ஸ்போர்டு நிறுவனம் 2016-இலும் 2018-இலும் இரு தவணையாக வாங்கி, பழைய தொடர்களை மறுபதிப்புச் செய்துவருகிறது.

சிவகாசிக்கு வந்தவை அசல்கள் அல்ல, அச்சுக்கான நகல்கள். ஆனால் அவற்றின் மீது இங்கே நடந்த வேலை சாதாரணமில்லை. ஆங்கில வசனத்தை வெளுத்துவிட்டுத் தமிழ் வசனத்தை அதே கட்டத்துக்குள் அடக்கவேண்டும். தமிழில் அதே வாக்கியம் நீளும், கட்டமோ நீளாது. பக்க அளவு மாறினால் கட்டங்களை வெட்டி இடம் மாற்றி ஒட்டவேண்டும், வெட்டுப்பட்ட இடத்தில் பின்னணியை இங்கேயே கோடு போட்டு நிரப்பவேண்டும். இப்படி ஒட்டிய தாளைத்தான் ஃபிலிம் எடுத்துப் பிளேட் போடுவார்கள். பிளாஸ்கோவின் கோடும் சிவகாசி ஓவியரின் கோடும் கலந்த தாள்கள் அவை. பிளேட் போட்டபின் அவற்றை வைத்துக்கொள்ள அச்சகத்துக்கு ஒரு காரணமும் இல்லை.

இதனால்தான் தமிழ்ச் சேகரிப்பாளர் அச்சிட்ட இதழைச் சேகரிக்கிறார். முதல் பதிப்பா, மறுபதிப்பா? அட்டை இருக்கிறதா? வாடகை நூலகத்து முத்திரை விழுந்திருக்கிறதா? நான்கைந்து இதழைச் சேர்த்து பைண்டிங் செய்தபோது ஓரம் வெட்டுப்பட்டதா? விலை இவற்றை வைத்துத்தான் ஏறி இறங்குகிறது. கிடைக்கக்கூடிய பொருளில் எது அரிதோ அதைத்தான் அவர் துரத்துகிறார். ரசனைக் குறைவு என்று அதைச் சொல்ல முடியாது.

இந்த மண்ணின் அசல்கள்

அப்படியானால் இங்கேயே பிறந்த அசல் என்று ஒன்றும் இல்லையா? உண்டு, இரண்டு வகையில்.

ஒன்று, அட்டைப்படங்கள். உள்ளே இருப்பது ஐரோப்பியக் கதையானாலும் பல இதழ்களுக்கு அட்டையை இங்குள்ள ஓவியர்கள்தான் புதிதாக வரைந்தார்கள். லயன் வாசகர்களுக்கு ஓவியர் மாலையப்பன் பெயர் நன்றாகத் தெரியும். பெட்டிக்கடைக் கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கும் இதழ் பத்தடி தூரத்திலிருந்தே பையனை இழுக்கவேண்டும் என்பது அந்த ஓவியத்துக்கு இடப்பட்ட வேலை. கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரின் முகமும் மாயாவியின் இரும்புக் கையும் தென்தமிழ்நாட்டு மனத்தில் எந்த நிறத்தில் பதிந்திருக்கின்றன என்பதை முடிவு செய்தது உள்பக்கத்தைவிட அட்டைதான்.

இரண்டாவது, சித்திரக்கதைக்கு மூத்த உறவான காலண்டர் ஓவியம். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததில் தொடங்குகிறது சிவகாசியின் தொழில் வரலாறு. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும், அச்சகத்துக்கு ஓவியர் வேண்டும். லேபிளில் கைபழகிய லித்தோ தொழில் காலண்டருக்கு வளர்ந்தது. இன்றும் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தைப் பூசை போட்டு வெளியிடுவது சிவகாசி வழக்கம்.

அந்தக் காலண்டர்களில் சரஸ்வதிக்கும் முருகனுக்கும் முகம் கொடுத்தவர்களில் தலையானவர் சி. கொண்டையராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குப் படுதா வரைந்து, கடைசியில் கோவில்பட்டியில் நிலைகொண்டவர். டி. எஸ். சுப்பையா முதலான சீடர்களோடு அங்கே ஒரு ஓவியப் பரம்பரையே உருவானது. கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் இவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கஜ்ரி ஜெயின் 2007-இல் வெளியிட்ட நூல் இந்தக் கடைத்தெருக் கலையின் பொருளாதாரத்தையே ஆராய்கிறது.

ஏலக்காரர் கண்ணோடு கோவில்பட்டி மரபைப் பார்த்தால் சிக்கல் உடனே புலப்படும். குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்து வந்த அச்சுப்படங்கள் உண்டு. ஒரே பட்டறையில் முகத்தை ஒருவர், நகையை ஒருவர், பின்னணியை ஒருவர் செய்வது குற்றமாகக் கருதப்படவில்லை. நன்றாக விற்ற லட்சுமியை அடுத்த ஆண்டு புடவை நிறம் மாற்றி மறுபடி வரைவதும் தொழில்தான். ‘இது யார் கை’ என்ற கேள்விக்கு அங்கே ஒற்றை விடை தேவைப்படவே இல்லை. ஏலத்துக்கோ அந்த ஒற்றை விடைதான் உயிர்.

அசலின் கதியும் அப்படியே. அச்சகம் அசலை டிசைனாக வாங்கியது. ஓவியம் உள்ளே வருகிறது, ஃபிலிம் ஆகிறது, பிளேட் ஆகிறது, பல்லாயிரம் காலண்டராக வெளியே போகிறது. லாபம் அந்தப் பல்லாயிரத்தில் இருக்கிறது. அசல் என்பது உற்பத்தியின் நடுவில் வரும் ஒரு பொருள். அடுத்த ஆல்பத்துக்குத் தேவைப்பட்டால் அலமாரியில் இருக்கும், இல்லையென்றால் இடத்தை அடைக்கும். இதை அலட்சியம் என்று சொல்வது அச்சகத்துக்கு நியாயம் செய்வதாகாது. நியூயார்க்கிலும் லண்டனிலும் அதே காலத்தில் இதேதான் நடந்தது.

தாள் யாருக்குச் சொந்தம்?

வித்தியாசம் பிறகு வந்தது. 1970-களின் நடுவில் மார்வெலும் அதன் போட்டி நிறுவனமான டிசியும் அசல் பக்கங்களை ஓவியர்களுக்குத் திருப்பித் தரத் தொடங்கின. அவர்கள் ரசிகர் கூட்டங்களில் மேசை போட்டுச் சில டாலருக்கு அவற்றை விற்றார்கள். இன்றைய கோடிகளுக்கு விதை அந்த மேசைகள்தான். அதற்கும் சண்டை தேவைப்பட்டது. மார்வெலின் தூண்களில் ஒருவரான ஜாக் கிர்பிக்கு முதலில் 88 பக்கம் மட்டும் தருவதாகச் சொன்னார்கள். சக ஓவியர்கள் வெளிப்படையாகக் குரல் கொடுத்த பிறகு, 1987-இல் ஏறத்தாழ 2,000 பக்கம் திரும்பியது. அவர் வரைந்ததோ அதைப்போலப் பல மடங்கு.

நம் நாட்டிலும் சட்டம் ஒன்றும் ஊமையாக இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் சேர்த்த 53ஏ பிரிவு, அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் வரைந்தவருக்கோ வாரிசுக்கோ அதில் பங்கு உண்டு என்கிறது. உச்சவரம்பு மறுவிற்பனை விலையில் 10 சதவீதம். பதிப்புரிமைக் காலம் முடியும்வரை, அதாவது ஓவியர் இறந்தபின் 60 ஆண்டுவரை, இந்த உரிமை இருக்கிறது. பதிப்புரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் போகாது. ஓர் அட்டை ஓவியம் 50,000 ரூபாய்க்கு மறுவிற்பனையானால் 5,000 ரூபாய்வரை வரைந்தவருக்குச் சேரவேண்டும்.

ஆனால் உள்ளே ஒரு முடிச்சு இருக்கிறது. சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி ஓவியரே முதல் உரிமையாளராக இருந்தால்தான் இந்தப் பங்கு. சம்பளத்துக்கு வேலை பார்த்து வரைந்தது பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர். பத்திரிகை ஊழியர் பத்திரிகைக்காக வரைந்ததற்கு வேறு கணக்கு: வெளியிடும் உரிமை முதலாளிக்கு, மீதி படைப்பாளிக்கு. சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் இந்த ஏற்பாடுகள் பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே நடந்தன. ஓவியர் எந்த வகையில் வருகிறார் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லாதபோது, பிரிவு புத்தகத்தில் இருந்தும் பயனில்லை.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பதிப்புரிமை வேறு, தாளின் உடைமை வேறு. ஏலத்தில் அசல் பக்கத்தை வாங்கியவர் அதைச் சுவரில் மாட்டலாம், விற்கலாம். அதை வைத்துப் புத்தகமோ பனியனோ போட முடியாது. அச்சிடும் உரிமையை எழுதி வாங்கிய நிறுவனத்துக்கு அசல் தாளும் தானாகச் சேர்ந்துவிடாது. தாள் யாரிடம் இருக்கவேண்டும் என்று இங்கே எந்தக் காலத்திலும் கேட்டுத் தீர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

விலைக்கு முன்னால் பதிவு

இதற்கு முன்மாதிரி தேடித் தூரம் போகவேண்டாம். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். தாமும் தூரிகை பிடித்தவர் என்பதாலோ என்னவோ, பிறர் குப்பை என்று தள்ளிய அச்சுத்தாள் எதையும் அவர் தள்ளவில்லை. நூல், இதழ், நாடக நோட்டீசு, அழைப்பிதழ் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்கள். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994-இல் சென்னையில் அதைக் கொண்டு அமைந்ததுதான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தனித்தனித் தாளாக இருந்தபோது மதிப்பில்லாதவை ஒழுங்குபட்டு, பட்டியலாகி, எது எங்கே என்று சொல்லக்கூடியதானதும் வரலாற்றுச் சான்றாகிவிட்டன. 2006-இல் தொடங்கிய ‘தஸ்வீர் கர்’ என்ற இணையக் காப்பகம் காலண்டர் படங்களுக்கு இதே வேலையைச் செய்கிறது. இரண்டுமே அச்சுப் பிரதிகளைக் காத்தன. அசல் ஓவியங்களுக்கு அப்படி ஒரு பட்டியல் இன்னும் வரவேண்டியிருக்கிறது.

அதற்குப் பெரிய கட்டிடம் வேண்டாம். ஓவியர் வீட்டிலோ அச்சக அலமாரியிலோ மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு அசலையும் முன்னும் பின்னும் படமெடுக்கவேண்டும். அளவு, எதில் வரைந்தது, எந்த இதழுக்கு, எந்த மாதம், யார் வரையச் சொன்னார், எவ்வளவு கொடுத்தார், தாள் யாரிடம் நின்றது என்று எழுதவேண்டும். அச்சிட்ட இதழின் பிரதியை அதனோடு சேர்க்கவேண்டும். ஓவியர் இருந்தால் அவர் கையொப்பமிட்ட ஒரு தாள். இனி வரையப்படும் அட்டைகளுக்கு, அசல் ஓவியருக்குத் திரும்புமா நிறுவனத்தில் நிற்குமா என்று ஒரே வரியில் ஓர் ஒப்பந்தம்.

காலம் ஒரு பக்கம் நெருக்குகிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த ஓவியம் தொல்பொருள். அதை நாட்டைவிட்டு வெளியே விற்க முடியாது. 1920-களின் தீப்பெட்டி லேபிளுக்கு வரைந்த அசல் எங்காவது மிஞ்சியிருந்தால் அது இந்த எல்லையைத் தொடும் நேரம் வந்துவிட்டது. இன்னொரு பக்கம், 1980-களில் அட்டை வரைந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. எந்த ஓவியம் யார் கை என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

ஏலம் இங்கே வந்தே தீரும். இந்தியாவில் சினிமா போஸ்டருக்கு ஏலம் வந்ததைப் பார்த்தோம். சேகரிப்பாளர் கையில் பணமும் பழைய நினைவும் சேரும் வயதில் அது வருவது இயல்பு. பதிவு இல்லாமல் அது வந்தால், அலமாரியைக் காலி செய்பவர் ஆயிரத்துக்குக் கொடுத்ததை இடைத்தரகர் லட்சத்துக்கு விற்பார். வரைந்தவர் அதைச் செய்தித்தாளில் படிப்பார். பதிவோடு வந்தால் அதே ஏலத்தில் சட்டம் சொல்லும் பங்கைக் கேட்டு வாங்க அவர் கையில் ஆதாரம் இருக்கும். சேகரிப்பவருக்கும் இதில் லாபம்தான்: அவர் கொடுக்கும் விலைக்கு நாளைக்கு இன்னொருவர் வாங்கக்கூடிய சான்று கிடைக்கும். ஆகவே இன்று ஓர் அசல் அட்டையை விலை கேட்கும் சேகரிப்பாளர், தொகையைச் சொல்வதற்கு முன் வரைந்தவர் வீட்டுக்குப் போய் அவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கட்டும். சந்தை அங்கிருந்துதான் தொடங்கும்.